பாரிவாக்கத்து வீட்டு உத்தரம்

கூரை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஓடு அடுக்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது கை பழகப் பழக வந்துவிடும். வீட்டுக்காரர் வாசலில் நின்று, மேலே அண்ணாந்து பார்த்து, "இன்னாப்பா ஆவும்?" என்று கேட்பார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. குறைத்துச் சொன்னால் வேலை கிடைக்கும், பிறகு தூக்கம் போகும். கூட்டிச் சொன்னால் வேலையே போகும். நானும் இரண்டையும் பார்த்தவன்.

உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரியும். கூலி நமக்குத் தெரியும். சுண்ணாம்பும் ஓட்டுக்கு அடியில் அடிக்கிற ரீப்பர் சட்டமும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மரம்தான் தெரியாது. அதிலும் கூரை முழுவதையும் தாங்குகிற உத்தரம் இருக்கிறதே, அதன் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். சுவரின் ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் முதலில் பிடிக்கும். வெளியில் நின்று பார்க்கிறவனுக்குக் கூரை ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே போய், ஏணி போட்டு ஏறி, உளியால் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உள்ளே விட மாட்டேன் என்றால்? அப்படி ஒரு வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பி, ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி என்று எங்கே ஒரு அறை கிடைத்தாலும் குடியேறினார்கள். வைக்கோல் போட்டு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் வாடகை வந்தது. பல வருஷமாக ஆள் இல்லாத வீடுகளின் கூரைகள் ஒழுகுவதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. நூம்பலில் இருந்த எனக்கும் என் பெண்சாதி அஞ்சலைக்கும் வேலைக்குக் குறைவில்லை. நான் மேலே இருப்பேன், அவள் கீழிருந்து ஓடு எடுத்துக் கொடுப்பாள். மரத்துக்குத்தான் பஞ்சம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகக் கொட்டகை கொட்டகையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சவுக்கோ பனையோ தேக்கோ, வண்டியில் ஏறிய மரமெல்லாம் அங்கேதான் போய் இறங்கும்.

பாரிவாக்கத்தில் தனலட்சுமி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். கணவர் தவறிப்போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு. ஒன்றில் அவர் இருந்தார். மற்றதைப் பட்டணத்திலிருந்து வந்த நடேசன் என்பவருக்குக் குடக்கூலிக்கு விட்டிருந்தார். நடேசன் ஜவுளிக்கடையில் வேலை செய்தார். தினமும் பூந்தமல்லி வரை நடந்து பஸ் பிடித்துப் போய்வருவார். அவர் மனைவி பங்கஜம் அப்போது முழுகாமல் இருந்தாள்.

ஆடி முடிந்த சமயத்தில் தனலட்சுமி அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தெருவில் நின்றபடியே பேசினோம்.

"ஓடு மாத்தணும் ஏழுமல. இன்னா ஆவும் சொல்லு."

"உள்ள ஏறி மரத்தப் பாத்துட்டுச் சொல்றேம்மா."

"உள்ள இன்னாத்துக்கு? ஒழுவறது மேலதான? வெளிய நின்னு பாத்தாலே தெரியுதே."

எங்கள் ஆட்கள் யாரும் அவர் குடும்பத்து வீட்டுக்குள் போனதில்லை. குடக்கூலிக்கு விட்ட வீடானாலும் அப்படித்தான். கூரைக்கு மேல் ஏறலாம், கூரைக்குக் கீழ் போகக்கூடாது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் எங்கள் வேலை இப்படித்தான் நடந்தது. அவர் கெட்டவர் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வளர்ந்த விதம் அது. கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்கே ஊற்றியவரும் அவர்தான்.

"உத்தரத்தப் பாக்காம நான் விலை சொல்றதில்லம்மா" என்றேன்.

"அப்ப வேணாம் போ. ஊருல நீ ஒருத்தன்தான் ஓடு போடறியா?"

வீடு திரும்பும் வழியெல்லாம், கூட வந்திருந்த அஞ்சலை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஏதோ ஒரு விலைய சொல்லிட்டு வரவேண்டியதுதான? உனுக்கு மட்டும் இன்னா அவ்ளோ ரோசம்?" ரோசம் எல்லாம் இல்லை. பயம்தான். தெரியாத மரத்துக்கு விலை சொன்னால், அந்த விலையே என் கழுத்தில் கயிறாகிவிடும்.

அந்த வேலையை வேலப்பன்சாவடி முனுசாமி எடுத்துக்கொண்டான். என்னைவிட வயதில் சிறியவன், நல்ல வேலைக்காரன். தெருவில் நின்று பார்த்து ஒரு விலை சொன்னான். அதற்காக நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே விடாதவரிடம் வேறு எப்படிச் சொல்வான்?

ஆனால் அவனும் கைவேலையையெல்லாம் முடித்துவிட்டு அங்கே வருவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. அதற்குள் பங்கஜத்துக்கும் பிரசவமாகி, அந்த வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்திருந்தது. முனுசாமி முன்பக்கத்து ஓடுகளையெல்லாம் பிரித்துக் கீழே அடுக்கினான். அன்று சாயங்காலம் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் போனவன், மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பச்சை உடம்புக்காரி பாதிக் கூரைக்கு அடியில் படுத்திருந்தாள்.

தனலட்சுமி அம்மாள் மறுபடியும் எனக்கு ஆள் அனுப்பினார். இன்னொருவன் பிரித்த கூரையில், அவன் சொல்லாமல் நாம் கை வைப்பதில்லை. ஆனால் வந்த ஆள் குழந்தை பிறந்திருக்கிறது என்றும் சொன்னதால் அஞ்சலையும் நானும் கிளம்பிவிட்டோம். போகும்போதே கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா அந்தப் பையன? முன்பணத்த வாங்கிக்கினு ஓடிட்டான்" என்றார் அம்மாள். "பட்டாளத்து வேலைக்குப் போயிருப்பான். நீ அந்த ஓட்ட எடுத்து மேல அடுக்கிக் குடுத்துடு. இன்னிக்கு மழைக்குத் தாங்கினா போதும்."

சுவர் மேல் ஏறினேன். ஓடு பிரித்திருந்ததால் உத்தரத்தை மேலிருந்தே பார்க்க முடிந்தது. மேற்குச் சுவரில் அது நுழையும் இடத்தில் உளியை வைத்து அழுத்தினேன். தட்டவே வேண்டியிருக்கவில்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது உளியோடு மண் மாதிரிப் பொடி வந்தது.

முனுசாமி ஏன் வேலையை நிறுத்தினான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஏன் ஓடினான் என்பதுதான் விளங்கவில்லை.

கீழே இறங்கி, "உள்ள போயி ஒரு முட்டு குடுக்கணும்மா. இல்லாட்டி பின்பக்கத்து ஓடும் சேந்து வந்துடும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "போ" என்றார். அஞ்சலை முதலில் போய்ப் பங்கஜத்தையும் குழந்தையையும் மூலைக்கு நகர்த்தினாள். மாட்டுத் தொழுவத்தில் கிடந்த ஒரு சவுக்குக் கழியை உத்தரத்துக்கு அடியில் நிறுத்தினோம். கிடைத்தது அது ஒன்றுதான். அதுவும் மண்தரை. மழைத் தண்ணீர் இறங்கினால் கழியின் அடி புதையும்.

அன்று நடேசன் கடைக்குப் போயிருக்கவில்லை. குடும்பத்தை விட்டு எப்படிப் போவார்? வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டுதான் கொடுத்தாச்சே. இனி ஓடு போடலாமே" என்றார். "நானும் எடுத்துத் தரேன். மூணு பேர் சேர்ந்தா மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்."

முடித்துவிடலாம்தான். அது எனக்கும் தெரியும். உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான். கையில் ஆள் இருக்கிறது, ஓடு இருக்கிறது, நேரம் இருக்கிறது. எல்லாரும் கூரையைப் போடு என்கிறார்கள். பச்சைக் குழந்தை நனையப் போகிறது. நாம் கூரைக்காரர்கள், ஓடு போடுவதற்குத்தான் வந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

நாட்டு ஓடு காய்ந்திருக்கும்போதே கனம். மழையைக் குடித்தால் இன்னும் கனம். அத்தனையும் அந்தப் பொடிந்த முனையில் போய் உட்காரும். தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

"போடமாட்டேன் சாமி" என்றேன். "இருக்கறவங்க எல்லாரும் இந்த ஊட்ட உட்டு வெளிய வந்துடணும். பொழுது சாயறதுக்குள்ள."

நடேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை பெத்தவளை எங்கேய்யா கூட்டிக்கிட்டு போறது? மழையில நடுத்தெருவிலயா?" கோபத்தில் தொடங்கியவர் முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பட்டணத்தில் குண்டுக்குப் பயந்து இங்கே வந்தவர். இங்கே கூரைக்குப் பயந்து எங்கே போவார்?

தனலட்சுமி அம்மாளோ என்னை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். "கூலி அதிகம் வேணும்னா வாயத் தொறந்து கேளு. சின்னஞ்சிறுச வெச்சிக்கினு பேரம் பேசாத."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அஞ்சலை பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். நெருக்கடியில் இருக்கிறவர்கள் நம்மைச் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அப்போது நம் மானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம்தான் போகும். மழை காத்திருக்காது.

"எனக்குக் கூலியே வேணாம்மா. உங்க ஊட்டுக் கூரை கெட்டியா இருக்குது. இவங்களுக்கு அங்க ஒரு மூலைல எடம் குடுங்க, போதும்."

அவர் முகம் மாறிப்போயிற்று. உள்ளேயிருந்து பங்கஜம்தான் மெல்லச் சொன்னாள்: "அவங்களைக் கேக்காதீங்க. நாளைக்கு அவங்க வீட்டுக்காரருக்குத் திதி. வீடெல்லாம் மெழுகி வெச்சிருக்காங்க. நான் தீட்டோட எப்படிப் போறது? நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

பெற்றவளே அப்படிச் சொல்லிவிட்டாள். அப்போது முதல் காற்று வந்தது. பிரித்த பக்கத்திலிருந்து புழுதி உள்ளே கொட்டி, குழந்தை வீறிட்டு அழுதது.

தனலட்சுமி அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தூக்குங்க" என்றார். "அந்தக் கட்டில அப்படியே தூக்கிக்கினு வாங்க. திதி எங்க போவுது? அவரு இருந்திருந்தா அவரே வந்து தூக்கியிருப்பாரு."

குழந்தையை அவரே வாங்கிக்கொண்டார். கயிற்றுக் கட்டிலின் தலைப்பக்கத்தை நடேசன் பிடித்தார். கால்பக்கம் பிடிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. வெளியே வந்ததும் தூறல் விழ ஆரம்பித்தது. அம்மாள் வீட்டுப் படியருகில் போனதும் என் கால் தானாக நின்றுவிட்டது. அம்மாள் திரும்பிப் பார்த்தார். "இன்னா நிக்கற? நனையறா பாரு" என்றார். உள்ளே போனேன். கூடத்தில் கோலம் போட்டிருந்தது. அதன் மேல்தான் கட்டிலை இறக்கினோம்.

பிறகு கொட்டியது மழை. அஞ்சலையும் நானும் அம்மாளின் மாட்டுத் தொழுவத்தில் ஒதுங்கினோம். இருட்டுவதற்கு முன்னால் மழைக்குள் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் நீளமாக ஒரு மரம். ஓட்டி வந்தவன் முனுசாமி.

என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனான். "ஊட்ல இருந்தவங்க எங்க அண்ணாத்தே?" என்றுதான் முதலில் கேட்டான். பத்திரமாக இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் வண்டியிலிருந்து இறங்கினான்.

"எங்கடா போன நீ?"

"பூந்தமல்லி, திருமழிசைன்னு ஒரு மரக்கடை பாக்கி இல்ல. எல்லாம் ஆவடிக்குப் போயிக்கினு கீது. கடைசில எங்க மாட்டுக் கொட்டா உத்தரத்தையே எறக்கிக்கினு வந்துட்டேன். மாட்ட மரத்தடில கட்டிட்டேன்."

எனக்குக் கோபப்படுவதா, அவனைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டது.

"சொல்லிட்டுப் போவக்கூடாதா? பச்சப் புள்ள அடியில படுத்துக்கினு இருந்துதே!"

"இன்னான்னு சொல்றது? ஓட்டப் பிரிச்சிப் போட்டுட்டு, உத்தரம் போச்சி, இன்னும் குடுன்னா, கழுத்தறுக்குறான்னு சொல்லாதா அந்தம்மா? நான் சொன்ன விலை நான் சொன்னதுதான. அதுக்குள்ளயே முடிச்சிக் குடுத்துடலாம்னு பாத்தேன்."

மழையில் நனைந்தபடி அவன் இதைச் சொன்னபோது அஞ்சலை அழுதுவிட்டாள். தன் வாக்கைக் காப்பாற்ற மாட்டுக் கொட்டகையைப் பிரித்தவன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டதால் ஒரு குடும்பத்தையே ஆபத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தான். நம் தொழிலில் இந்த மாதிரி நல்லவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்ட சேதியை வைத்துக்கொண்டு தனியாகச் சுமப்பார்கள். அந்தச் சுமையும் கடைசியில் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

மறுநாள் காலையில் மழை விட்டது. எல்லாரும் போய்ப் பார்த்தோம். முட்டுக் கொடுத்த கழி கொஞ்சம் புதைந்திருந்தது. மற்றபடி கூரை அப்படியே நின்றது. நடேசனின் துணிமணி, பாய், அரிசி எல்லாம் முன்பக்கத்து மழையில் ஊறிக் கிடந்தன. அவர் கூரையைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

முனுசாமியை நான்தான் தனலட்சுமி அம்மாள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் நடந்ததையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவர் திட்டு திட்டென்று திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னா உன்ன முழுங்கிடுவேனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மரத்துக்கு இன்னா உண்டோ அத வாங்கிக்கோ. மாட்ட நனைய உடாத" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். விலையை இரண்டாகச் சொல்வேன். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு இவ்வளவு. பிரித்த பிறகு மரம் கெட்டிருந்தால் அதற்குத் தனியாக இவ்வளவு வரைக்கும் ஆகலாம். பிரித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், அவர் கையாலேயே உளியால் குத்திப் பார்க்கச் சொல்வேன். இப்படிச் சொன்னதால் சில வேலைகள் கை நழுவின. போனால் போகட்டும். மரக்கெடுதலைப் பற்றி வாயே திறக்காமல் ஒரே விலையாகச் சொல்கிறவன், பொய்க்காரனாக இல்லாவிட்டாலும் முனுசாமி மாதிரி ஒருநாள் மாட்டிக்கொள்வான். வீட்டுக்காரர்கள் யோசனை கேட்டாலும் அதையே சொல்லுங்கள்: ஏணி கேட்கிறவனைக் கூப்பிடுங்கள், உள்ளே விடுங்கள்.

கட்டிலை இறக்கிய கூடத்தைத் தனலட்சுமி அம்மாள் மறுபடி கழுவி மெழுகினார் என்று அஞ்சலை பிறகு சொன்னாள். தீட்டுக்காகவா, நான் போனதற்காகவா என்று எனக்குத் தெரியாது. அதே அம்மாள்தான் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள், "ஏழுமல, எங்க ஊட்டு உத்தரத்தையும் ஒரு தபா உள்ள வந்து பாத்துடு" என்று கூப்பிட்டார். இரண்டும் ஒரே மனுஷிதான். நான் போய்ப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

முனுசாமியும் நானும் சேர்ந்துதான் அந்த வீட்டை முடித்தோம். பழைய உத்தரத்தை இறக்கி அறுத்துப் பார்த்தபோது, முனை மட்டும்தான் பொடியாக இருந்தது. அதைத் தாண்டினால் நடுவில் நல்ல வைரம் பாய்ந்த மரம். ரம்பம் இறங்க மறுத்தது. முனுசாமி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கி ஓட்டப் போட்டிருந்தாகூட ஒருவேள தாங்கியிருக்கும் அண்ணாத்தே" என்றான். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்குத் தோன்றியதைச் சொன்னான்.

பக்கத்தில் நடேசன் நின்றுகொண்டிருந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்த மரத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"மேஸ்திரி, உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அது விழுந்திருக்குமா?"

"தெரியாது சாமி."

"தெரியாமலா எங்களை அந்த மழையில கிளப்பினீங்க?"

"தெரியாததாலதான் சாமி கிளப்பினேன்."

அவர் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, புதுக் கூரைக்கு அடியில் உள்ளே போனார்.